வணிக விமானிப் பயிற்சிக்கு ரிட்ராக்டபிள் விமானம் தேடுவோருக்கு

அமெரிக்காவில் ஒற்றை எஞ்சின் விமானத்தில் வணிக விமானிச் சான்றிதழுக்குப் பயில்பவர்கள், 250 மணி நேரக் கணக்கு முடியும் தறுவாயில், விதிமுறையின் ஒரே ஒரு வரியில் வந்து நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். தனியே பறக்க வேண்டிய மணிகள் முடிந்திருக்கும். இரவுப் பறத்தல் முடிந்திருக்கும். 300 கடல் மைல் நெடும் பயணமும் முடிந்திருக்கும். பயிற்சியாளருடன் 10 மணி நேரம் காம்ப்ளெக்ஸ் விமானத்திலோ அதற்கு ஈடாக விதி ஏற்கும் வேறு விமானத்திலோ பறந்திருக்க வேண்டும் என்ற, அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 61.129ஆம் பிரிவில் உள்ள நிபந்தனை மட்டும் நிறைவேறாமல் கிடக்கும். அப்படிப்பட்ட விமானம் அவர்களுடைய பள்ளியில் இருக்காது, பக்கத்து விமான நிலையத்திலும் இருக்காது, இருக்கிற ஒன்றும் பழுதாகி ஹேங்கரில் நிற்கும். அந்த 10 மணி நேரத்துக்கான விமானத்தை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது, எதைப் பார்த்தால் விலகிவிடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சக்கரங்கள் உள்ளே மடங்குவதால் மட்டும் ஒரு விமானம் காம்ப்ளெக்ஸ் ஆகிவிடாது. மடங்கும் லேண்டிங் கியர் (சக்கர அமைப்பு), இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃப்ளாப், பறக்கும்போதே கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர் ஆகிய மூன்றும் தரையில் இறங்கும் விமானத்தில் ஒருங்கே இருக்க வேண்டும். எஞ்சின் 200 குதிரைத் திறனைத் தாண்டினால் அது ஹை பெர்ஃபார்மன்ஸ் என்ற இன்னொரு வகையிலும் சேரும். அதற்குத் தனி என்டார்ஸ்மென்ட், அதாவது பயிற்சியாளர் எழுதித்தரும் ஒப்புதல், வேண்டும். சரியாக 200 குதிரைத் திறன் என்றால் வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிர்ரஸ் எஸ்ஆர்22 போன்ற நிலையான சக்கரங்கள் கொண்ட வேகமான விமானத்தைக் காம்ப்ளெக்ஸ் என்று நினைத்து மணிகளைச் செலவிட்டவர்கள் உண்டு. சிர்ரஸ் வேறொரு வழியில் இந்த நிபந்தனைக்கு உதவும்; காம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் உதவாது.

முதலில், உங்களுக்கு இது தேவையா

2018க்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பயிற்சிக்கும் காம்ப்ளெக்ஸ் விமானம் வேண்டும், செக்ரைடு எனப்படும் பறத்தல் தேர்வுக்கும் அதையே கொண்டுபோக வேண்டும். அந்த ஆண்டின் ஏப்ரலில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. செக்ரைடுக்கான கட்டாயத்தை நீக்கியது. ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், 10 மணி நேரப் பயிற்சியைத் தொழில்நுட்ப மேம்பாடு பெற்ற விமானத்தில், அதாவது பயிற்சிக் களங்களில் டி.ஏ.ஏ. என்று சொல்லப்படும் விமானத்தில், முடிக்கவும் இடம் கொடுத்தது. வேகம், உயரம், திசை, விமானத்தின் சாய்வு ஆகியவற்றைக் காட்டும் மின்னணு முதன்மைத் திரையும், ஜிபிஎஸ் துணையுடன் நகரும் வரைபடத்தில் விமானத்தின் இருப்பிடத்தைக் காட்டும் இன்னொரு திரையும், வழிகாட்டும் கருவிகளோடு இணைந்த இரு அச்சு ஆட்டோபைலட்டும் இருந்தால் அந்த விமானம் இந்த வகையில் அடங்கும். ஜி1000 என்ற மின்னணுத் திரை அமைப்பும் ஆட்டோபைலட்டும் பொருத்திய செஸ்னா 172, டயமண்ட் டிஏ40, சிர்ரஸ் ஆகியவை இப்படித்தான் கணக்கில் வருகின்றன. இரண்டு வகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து 10 மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வதையும் விதி ஏற்கிறது.

ஆகவே, உங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட விமானம் இருந்து, சான்றிதழைக் குறைந்த செலவில், குறைந்த நாளில் பெறுவதே நோக்கம் என்றால், நீங்கள் சக்கரங்கள் மடங்கும் ரிட்ராக்டபிள் விமானத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனெனில் தேவையே இல்லாத தேடலில் மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள் பலர்.

இருந்தும் தேடுவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. பள்ளியின் விமானங்கள் எல்லாம் பழைய வட்டமுள் கருவிகள் கொண்டவையாக இருக்கலாம். அப்படியானால் இந்தப் பழைய வழிதான் உங்களுக்குத் திறந்திருக்கும். சான்றிதழ் கிடைத்த பின் நீங்கள் செய்யப்போகும் வேலை, விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு சேர்ப்பதாகவோ, நில அளவைக்குப் பறப்பதாகவோ, சிறிய சார்ட்டர் நிறுவனத்தில் பறப்பதாகவோ இருந்தால், அங்கே உங்கள் கையில் தரப்படும் விமானத்தின் சக்கரங்கள் பெரும்பாலும் மடங்கக்கூடியவையாக இருக்கும். அந்த நிறுவனத்தின் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் ரிட்ராக்டபிள் மணி எத்தனை என்பதாகத்தான் இருக்கும். என் சொந்தக் கருத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு இறக்கத்திலும் சக்கரம் இறங்கிவிட்டதா என்று தன் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி உறுதிசெய்யும் பழக்கம், அதை மறந்தால் விமானம் வயிற்றில் இறங்கும் என்ற நிலையில்தான் உண்மையில் படிகிறது. திரைகள் கற்றுத்தருவது வேறு பாடம்.

இரட்டை எஞ்சின் தகுதியையும் எப்படியும் பெறப்போகிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பைப்பர் செமினோல், பீச்கிராஃப்ட் டச்சஸ் போன்ற இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள் காம்ப்ளெக்ஸ் வகையைச் சேர்ந்தவை. ஒற்றை எஞ்சின் சான்றிதழுக்கான அந்த 10 மணி நேர வரியில் எஞ்சின் எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை. பயிற்சியின் வரிசையை மாற்றி அமைத்தால் அதே மணிகள் இரண்டு வேலைக்கும் பயன்படும். உங்களைச் சோதிக்கப்போகும் தேர்வாளரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். செக்ரைடு நாளின் காலையில், பறந்த மணிகளைப் பதியும் உங்கள் லாக்புக்கை விரித்து வைத்துக்கொண்டு விவாதிக்கும் நிலை வரக் கூடாது.

எந்த விமானங்கள் கிடைக்கும்

பயிற்சிக்குக் கிடைப்பவற்றில் பைப்பர் ஆரோவே அதிகம். 1967இல் 180 குதிரைத் திறனோடு தொடங்கி, பின்னர் 200 குதிரைத் திறனோடு பல வடிவங்களில் வந்த இந்த விமானம், செரோக்கியிலோ வாரியரிலோ ஆர்ச்சரிலோ பயின்றவருக்கு உடனே கைவசப்படும். கியரை ஒரு மின்சார பம்பு ஹைட்ராலிக் அழுத்தத்தால் மேலே தூக்கி, அதே அழுத்தத்தால் மேலே பிடித்து வைத்திருக்கிறது. அவசரத்தில் அழுத்தத்தை விடுவித்தால் சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பழைய ஆரோக்களில், வேகம் குறைந்து எஞ்சின் விசையும் குறைந்தால் தானாகவே கியரை இறக்கிவிடும் அமைப்பு ஒன்று இருந்தது. பல விமானங்களில் அது பின்னாளில் செயலிழக்கச் செய்யப்பட்டுவிட்டது. நீங்கள் பறக்கப்போகும் விமானத்தில் அது இருக்கிறதா, இயங்குகிறதா என்பதைக் கையேட்டிலும் விமானத்தின் பராமரிப்பைப் பதியும் லாக்புக்கிலும் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் முதல் பறத்தலுக்குப் போகக் கூடாது. இரண்டு நிலைகளிலும் அவசர நடைமுறைகள் வேறுபடும்.

செஸ்னா 172ஆர்ஜி, அதாவது கட்லஸ், 1980களின் முதற்பாதியில் தயாரானது. 180 குதிரைத் திறன் கொண்டது. சாதாரண 172இல் பயின்றவருக்கு இதில் அந்நியமாக எதுவும் தெரியாது. கியரை அதிகபட்சம் 140 நாட் வேகம் வரை இயக்கலாம் என்பதால் மாணவருக்கு அவசரம் குறைவு. ஆரோ 3இல் கியரை இறக்க 129 நாட், மேலே ஏற்ற 107 நாட் என்று இரு வேறு எல்லைகள் உள்ளதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கட்லஸின் பின் சக்கரக் கால்கள் பிதுங்கித் திரும்பி உடலுக்குள் போகும் விதம் பார்க்க வினோதமானது. அந்தத் திருப்பத்தைத் தாங்கும் உலோகப் பாகங்களில் விரிசல் வருவது இந்தக் குடும்பத்தின் அறிந்த நோய். மாற்றுப் பாகம் கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல்.

மூனி எம்20 குடும்பம் வேகமானது, சிக்கனமானது, இறங்கும் வேகத்தில் கண்டிப்பானது. இரண்டு நாட் கூடுதலாக வந்தாலும் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும். ஆரம்பகால மூனிகளில் ஜான்சன் பார் என்ற கைத்தண்டால் கியரை இயக்க வேண்டும். அதில் பம்பு இல்லை, மோட்டார் இல்லை, பழுதாகும் பொருள் மிகக் குறைவு. பயிற்சிக்குப் போகும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: வலது இருக்கையில் பிரேக் இருக்கிறதா. பல மூனிகளில் இல்லை. இல்லாத விமானத்தில் சொல்லிக்கொடுக்கப் பல பயிற்சியாளர்கள் உடன்பட மாட்டார்கள்.

செஸ்னா 177ஆர்ஜி, பீச்கிராஃப்ட் சியெரா, ராக்வெல் கமாண்டர் 112 ஆகிய மூன்றும் 200 குதிரைத் திறன் கொண்டவை. எங்காவது ஒன்று கிடைத்தால் விட்டுவிட வேண்டாம், ஆனால் அதைத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்று பாருங்கள். செஸ்னா 182ஆர்ஜியின் எஞ்சின் 235 குதிரைத் திறன் கொண்டது. பொனான்சாக்களில் பெரும்பாலானவையும் 200ஐத் தாண்டியவையே. இவற்றில் பயின்றால் இரண்டு என்டார்ஸ்மென்ட்களும் சேர்ந்தே கிடைக்கும். செலவும் காப்பீட்டுக் கெடுபிடியும் அதற்கேற்ப உயரும். பழைய பீச்கிராஃப்ட்களில் கியர் சுவிட்சும் ஃப்ளாப் சுவிட்சும் மற்ற விமானங்களில் இருப்பதற்கு இடம் மாறி இருக்கும். இறங்கி ஓடும்போது ஃப்ளாப் என்று நினைத்துக் கியரைத் தூக்கிவிட்ட விபத்துகளுக்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம்.

எங்கே தேடுவது

பள்ளிகளின் இணையப் பக்கத்தில் உள்ள விமானப் பட்டியலை நம்பி அங்கேயே நின்றுவிடாதீர்கள். பட்டியலில் இருக்கும் ஆரோ ஆறு மாதமாகப் பறக்காமல் இருக்கலாம். பதிவு எண்ணை எடுத்து, விமானங்களின் நகர்வைக் காட்டும் ஏதாவது ஒரு கண்காணிப்புச் சேவையில் போட்டுப் பாருங்கள். கடந்த சில வாரங்களில் எத்தனை முறை பறந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பறக்கும் விமானமே உங்களுக்கு வேண்டியது. என் தேடலில் நான் முதலில் பிடித்த ஆரோ, மணிக்கணக்கில் மிக மலிவானது. மூன்றாவது பறத்தலில், கியர் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்குகளில் ஒன்று எரியவில்லை. சரிபார்க்க ஹேங்கருக்குப் போனது, பாகம் வரவில்லை, வாரங்கள் ஓடின. அதற்குள் கை மறந்தது. பிறகு கூடுதல் வாடகைக்கு, தினமும் பறந்துகொண்டிருந்த இன்னொன்றில் தொடங்கியபோது முதல் மூன்று மணிகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பின்தான், மலிவான விமானத்தை விட ஓயாமல் பறக்கும் விமானம்தான் சிக்கனமானது என்ற முடிவுக்கு வந்தேன்; இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற எல்லாமே அந்த முடிவிலிருந்து கிளைப்பவைதான்.

ஃப்ளையிங் கிளப்கள் இரண்டாவது இடம். விமானத்தின் பங்குதாரர்களாக உள்ள உறுப்பினர்களே அதைப் பேணுவதால், வாடகைப் பள்ளிகளில் மறைந்துபோன ரிட்ராக்டபிள்கள் கிளப்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. விமான உரிமையாளர்கள், விமானிகளின் சங்கமான ஏஓபிஏ கிளப்களைத் தேடுவதற்கென்றே ஒரு வசதியை இணையத்தில் வைத்திருக்கிறது. நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, வெளியேறினால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவற்றை 10 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சில இடங்களில் வாடகை குறைவாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் கூடிவிடும். அந்தக் கிளப்பின் விதிகள், புதிய உறுப்பினர் உடனே ரிட்ராக்டபிளில் பயில அனுமதிக்கின்றனவா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் பலவற்றில் குறிப்பிட்ட மொத்த மணி இருந்தால்தான் அனுமதி.

பலரும் நினைத்துப் பார்க்காத மூன்றாவது வழி, எஃப்.ஏ.ஏ.வின் பொதுப் பதிவேடு. மாநிலம், கவுண்டி, விமானத் தயாரிப்பாளர், மாடல் என்று அதில் தேடலாம். உங்கள் பகுதியில் பிஏ-28ஆர் (ஆரோவின் மாடல் குறி) எத்தனை பதிவாகியிருக்கின்றன, அவற்றில் தனியார் பெயரில் உள்ளவை எத்தனை, நிறுவனத்தின் பெயரில் உள்ளவை எத்தனை என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். நிறுவனத்தின் பெயரில் இருப்பது பெரும்பாலும் வாடகைக்கோ பள்ளிக்கோ உள்ளதாக இருக்கும். அடுத்து, அந்த விமான நிலையத்தின் பராமரிப்புக் கூடத்துக்குப் போய் மெக்கானிக்கிடம் பேசுங்கள். எந்த விமானத்தின் உரிமையாளர் ஒழுங்காகச் செலவு செய்கிறார், எந்த விமானம் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டுகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அதே ஓடுபாதையில் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் தனிப் பயிற்சியாளர்களும் இத்தகைய செய்திகளின் களஞ்சியம்.

படிப்பு விசாவில் இருப்பவர்கள் இந்த வழிகளில் இறங்கும் முன், தங்கள் பள்ளியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் பேசிவிட வேண்டும். உங்களுக்கு விசா ஆவணம் வழங்கியது அந்தப் பள்ளி. அதற்கு வெளியே வேறொருவரிடம் பயில்வதால் உங்கள் நிலை பாதிக்கப்படுமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பள்ளி விமானப் போக்குவரத்து விதிகளின் 141ஆம் பகுதியின் கீழ் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் அடங்காத வெளி விமானத்தில் பறந்த மணிகள் அந்தப் பாடத்திட்டத்தில் அப்படியே சேராது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

லாக்புக்கில் பார்க்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்டால் எல்லா விமானமும் நல்ல விமானம்தான். நேரில் போய் லாக்புக்குகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் மேற்கொண்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆண்டுப் பரிசோதனை 12 நாள்காட்டி மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். பள்ளியே விமானத்தையும் தந்து பயிற்சியாளரையும் தந்தால் 100 மணி நேரப் பரிசோதனையும் கட்டாயம். உரிமையாளரிடமிருந்து விமானத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, தனிப் பயிற்சியாளரை நீங்களே அமர்த்தினால் விதி அதைக் கேட்பதில்லை. விதி கேட்காவிட்டாலும் அந்த இடைவெளியில் எண்ணெய் மாற்றியது எப்போது, கியரைப் பார்த்தது எப்போது என்று நீங்கள் கேட்கலாம். ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரின் பரிசோதனை 24 மாதங்களுக்கு ஒரு முறை. கருவிப் பறத்தல் விதிகளின் (ஐ.எஃப்.ஆர்.) கீழும் இதே விமானத்தில் பறப்பீர்கள் என்றால் உயரமானி, காற்றழுத்தக் குழாய்களின் பரிசோதனையும் 24 மாதங்களுக்குள் இருக்க வேண்டும்.

கியரைப் பற்றிய பதிவுகளில்தான் உங்கள் கண் நிலைக்க வேண்டும். கடைசி ஆண்டுப் பரிசோதனையில் விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திக் கியரை மேலும் கீழும் இயக்கிப் பார்த்ததாகவும், அவசர முறையில் இறக்கிப் பார்த்ததாகவும் எழுதப்பட்டிருக்கிறதா? ஹைட்ராலிக் குழாய்கள் எத்தனை ஆண்டுகள் பழையவை? பம்பின் மோட்டார் எத்தனை முறை மாற்றப்பட்டது? ஒரே பாகம் ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தால், உண்மையான காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூனி என்றால், சக்கரக் கால்களில் உள்ள ரப்பர் வட்டுகள் எப்போது மாற்றப்பட்டன என்று கேளுங்கள். விமானத்தின் எடை தாங்கி நசுங்கித் தேயும் அவற்றுக்கு வயது உண்டு.

பழைய ரிட்ராக்டபிள்களில் ஒரு முறையாவது சக்கரம் இறக்காமல் இறங்கிய வரலாறு இருப்பது அரிதல்ல. அது மட்டும் விலகக் காரணமாகாது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் புரொப்பெல்லர் தரையில் மோதியிருந்தால், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்களா, புரொப்பெல்லரை மாற்றினார்களா, வயிற்றுத் தகடுகளை எந்தக் கூடம் சீர்செய்தது என்பவையே கேள்வி. இவை அனைத்தும் பதிவில் தெளிவாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவில் ஒரு வெற்றிடம் இருந்தால் கவலைப்பட வேண்டும்.

ஆரோவைப் பொறுத்து இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரலில், புளோரிடாவின் டேடோனா பீச்சில், வணிக விமானிச் சான்றிதழுக்கான செக்ரைடு நடந்துகொண்டிருந்தபோதே ஓர் ஆரோவின் இடது இறக்கை முறிந்து பிரிந்து, மாணவரும் தேர்வாளரும் உயிரிழந்தார்கள். இறக்கையின் முதன்மைத் தாங்கியான ஸ்பாரில், போல்ட் துளையிலிருந்து உலோகச் சோர்வால் விரிசல் வளர்ந்திருந்தது. அந்த விமானம் 2007இல் தயாரானது. ஆனால் அதற்குள் பயிற்சியிலேயே சுமார் 7,700 மணி நேரம் பறந்திருந்தது. தாழ்வாகப் பறந்து, திரும்பத் திரும்ப இறங்கி ஏறும் பயிற்சி வாழ்க்கை ஓர் இறக்கைக்கு என்ன செய்யும் என்பதற்கு இது சான்று. இதைத் தொடர்ந்து எஃப்.ஏ.ஏ. பிறப்பித்து 2021இல் நடைமுறைக்கு வந்த 2020-26-16 எண்ணுள்ள உத்தரவு, குறிப்பிட்ட அளவு பயன்பாட்டைக் கடந்த பிஏ-28 குடும்ப விமானங்களில் அந்தத் துளைகளை, மின்னோட்டத்தால் உலோக விரிசலைக் கண்டறியும் எடி கரண்ட் முறையில் ஆய்வுசெய்யச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் ஆரோவுக்கு அந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறதா, ஆய்வு நடந்திருக்கிறதா என்று கேட்டு, பதிவை உங்கள் கண்ணால் பாருங்கள். இதைக் கேட்பதால் யாராவது முகம் சுளித்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

காப்பீடு

விமானம் கிடைத்து, லாக்புக்கும் சுத்தமாக இருந்து, காப்பீட்டில் முறிந்துபோகும் ஏற்பாடுகளே அதிகம். தனியார் உரிமையாளர் நல்ல மனத்தோடு விமானத்தைத் தரச் சம்மதிக்கலாம். அவருடைய காப்பீடு சொந்தப் பயணத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் மட்டும் எழுதப்பட்டிருந்தால், வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்த அந்த நிமிடமே பாதுகாப்பு இல்லாமல் போகலாம். எனவே உரிமையாளரே தம் முகவரிடம் பேசி, வாடகைக்கும் பயிற்சிக்கும் அனுமதி உண்டா, உங்கள் பெயரும் பயிற்சியாளரின் பெயரும் சேர்க்கப்பட வேண்டுமா என்று எழுத்தில் பெற வேண்டும். பயிற்சியாளருக்கும் அந்த மாடலில் குறிப்பிட்ட மணிகள் இருக்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரர் கேட்பது வழக்கம். பயிற்சியாளரை முடிவுசெய்யும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பள்ளியில் எடுத்தாலும், பள்ளியின் காப்பீடு முதன்மையாகப் பள்ளியைத்தான் காக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் பள்ளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே பணத்தை உங்களிடமிருந்து மீட்க வழக்குத் தொடுக்க முடியும். வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அது ரிட்ராக்டபிளுக்கு அதிகமா என்று பார்த்துவிட்டு, வாடகைக்கு எடுப்பவர்களுக்கான தனிக் காப்பீடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாங்கும்போது விமானத்தின் சேதத்துக்கான வரம்பு, புரொப்பெல்லரும் எஞ்சினும் சேர்ந்து பழுதாகும் அளவுக்காவது இருக்கட்டும். பொறுப்புக் காப்பீடு மட்டும் கொண்ட மலிவான திட்டம் இங்கே பயன்படாது.

வாடகைக் கணக்கில் எரிபொருள் சேர்ந்ததா சேராததா, கடிகார நேரத்தை எண்ணும் ஹாப்ஸ் மீட்டரில் கணக்கா, எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்து எண்ணும் டாக் மீட்டரில் கணக்கா, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச மணி உண்டா என்பவற்றைக் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பறக்கும் நாட்களை அடுக்குவது

விமானம் உறுதியானதும் பத்து மணி நேரத்தையும் இரண்டு வாரங்களுக்குள் அடுக்கப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு மணி என்று நீட்டினால் ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடம் பழையதை நினைவுகூர்வதிலேயே போய்விடும். நடுவில் விமானம் பழுதானால் தொடர்பே அறுந்துவிடும். பயிற்சியாளருடன் செய்ய வேண்டிய 100 கடல் மைலுக்கு மேற்பட்ட பகல் பயணத்தையும் இரவுப் பயணத்தையும் இதே விமானத்தில் வைத்துக்கொண்டால் நான்கு மணிக்கு மேல் அங்கேயே சேர்ந்துவிடும். அத்தோடு, உயரத்தில் புரொப்பெல்லரையும் எரிபொருள்-காற்றுக் கலவையையும் அமைத்து நெடுநேரம் பறக்கும் அனுபவமும் கிடைக்கும். மீதியைச் சாண்டெல், லேஸி எய்ட் போன்ற பயிற்சிகளுக்கும், திரும்பத் திரும்ப இறங்குவதற்கும், அவசர முறையில் கியரை இறக்குவதற்கும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

தனியே பறக்க வேண்டிய மணிகளை இந்த விமானத்தில் செய்யத் தேவையில்லை. செக்ரைடையும் இதில் செய்ய வேண்டியதில்லை. எஞ்சின் விசையை முழுவதும் குறைத்து, குறித்த இடத்திலோ அதைத் தாண்டி 200 அடிக்குள்ளோ இறங்கிக் காட்ட வேண்டிய தேர்வை, கியர் இறங்கியதும் கல்லைப் போல் கீழே போகும் ஆரோவில் செய்வதை விட, கை பழகிய 172இல் செய்வது பலருக்கும் எளிது. ஆரோவில் செய்தால் புரொப்பெல்லர் நெம்பை எப்போது பின்னுக்கு இழுப்பது, கியரை எந்த இடத்தில் இறக்குவது என்ற இரண்டு முடிவுகள் கூடுதலாகச் சேர்கின்றன.

முதல் நாள், எஞ்சினைத் தொடங்கும் முன், பயிற்சியாளரோடு அரை மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து கைகளை மட்டும் நகர்த்திப் பழகுங்கள். கியர் நெம்பு, ஃப்ளாப், அவசரக் கருவி ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட முடிய வேண்டும். எரிபொருள், கியர், கலவை, புரொப்பெல்லர் என்ற சரிபார்ப்பை ஓடுபாதைக்கு இணையான பாதையில் ஒரு முறையும், கடைசித் திருப்பத்தில் ஒரு முறையும், இறங்கும் தருணத்தில் ஒரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இறங்கிய பின் ஓடுபாதையை விட்டு வெளியேறி நிற்கும் வரை எந்த நெம்பையும் தொடாதீர்கள். தரையில் கியர் மடங்காமல் தடுக்கும் சுவிட்ச் இருந்தாலும், ஓட்டத்தில் இறக்கை இன்னும் எடையைச் சுமந்துகொண்டிருக்கும்போது அது காப்பாற்றும் என்பதற்கு உறுதியில்லை.

பயிற்சி முடியும் நாளில் உங்கள் லாக்புக்கை மேசையில் வைத்துப் பயிற்சியாளரோடு சரிபாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் விமானத்தின் மாடலும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். காம்ப்ளெக்ஸ் விமானத்தில் பெற்ற பயிற்சி என்ற சொல் இருக்க வேண்டும். பயிற்சியாளரின் கையெழுத்து, சான்றிதழ் எண், அது முடியும் தேதி (முடியும் தேதி இல்லாத புதிய சான்றிதழ் என்றால் அவருடைய அண்மை அனுபவம் முடியும் தேதி) ஆகியவை விடுபடாமல் இருக்க வேண்டும். 61.31ஆம் பிரிவின் இ உட்பிரிவின்படியான காம்ப்ளெக்ஸ் என்டார்ஸ்மென்ட் இதற்குத் தனி. ஒரு முறை பெற்றால் போதும், காலாவதியாகாது, ஆனால் 10 மணிகளையும் பறந்துவிட்டு இதை எழுதி வாங்க மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 10.0 என்று சரியாக நிற்கும் கணக்கை 10.5 ஆக்கிவிட்டு வெளியே வாருங்கள்; எங்காவது ஒரு கூட்டலில் 0.2 பிசகியிருந்தாலும் செக்ரைடு தள்ளிப்போகாது.